கிரால்: யானை பிடித்த வேலியும் ஊர் ஊராக அலைந்த ஒரு சொல்லும்

பிரித்தானியர் காலத்தில் இலங்கையைப் பற்றி எழுதப்பட்ட ஆங்கில நூல்களைப் புரட்டுபவர்கள் ‘கிரால்’ என்ற சொல்லைத் தாண்டிப் போக முடியாது. காட்டு யானைக் கூட்டம் ஒன்றை வாரக்கணக்கில் சுற்றி வளைத்து, விரட்டி, பெரிய மரக்குற்றிகளால் அடைத்த வேலிக்குள் தள்ளி, ஒவ்வொன்றாகக் கட்டி, பழக்கி எடுப்பதற்கு அவர்கள் வைத்த பெயர் அது. வேலிக்கும் அதுதான் பெயர், முழு நடவடிக்கைக்கும் அதுதான் பெயர். சிலர் அதையே ‘கொறால்’ என்று எழுதினார்கள். இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

அது ஆங்கிலேயரின் சொந்தச் சொல் அல்ல, இந்தத் தீவில் பிறந்ததும் அல்ல. ஆனாலும் அந்தச் சொல்லுக்கும் எங்களுக்கும் ஒரு பழைய உறவு இருக்கிறது. வன்னிக் காடுகளில் பிடிபட்ட யானைகள், ஆனையிறவின் நீரைக் கடந்து, குடாநாட்டின் குறுக்கே நடந்து, ஊர்காவற்றுறையில் கப்பல் ஏறின. கிரால் என்ற சொல்லைக் கடல் கடந்து சுமந்து திரிந்த கொம்பனிதான் அந்த யானைகளையும் விற்றுக் காசாக்கியது.

ஓட்டத்தில் பிறந்த சொல்

சொல்லின் தாய்வீடு ஐபீரியக் குடாநாடு. போர்த்துக்கேய மொழியில் ‘குறால்’, ஸ்பானிய மொழியில் ‘கொறால்’. இரண்டுக்கும் பொருள் ஆடு, மாடு, குதிரைகளை அடைக்கும் பட்டி. அதற்கு முன்னர் அது எங்கிருந்து வந்தது என்பதில் மொழியறிஞர்களிடையே ஒற்றுமை இல்லை. பலரும் ஏற்கும் விளக்கம் இலத்தீனுக்குப் போகிறது. அங்கே ‘குறுஸ்’ என்றால் இரண்டு சில்லு வண்டி. வண்டிகளை நிறுத்தும் அடைப்புக்குப் பேச்சு இலத்தீனில் வழங்கிய பெயரே பின்னர் விலங்குகளை நிறுத்தும் அடைப்பின் பெயராயிற்று என்பது அந்த விளக்கம். அந்த வண்டிச் சொல்லுக்கும் வேர், ஓடுதல் என்ற பொருள் கொண்ட ஒரு வினை. ஆங்கிலத்தில் தூது கொண்டு ஓடுபவருக்கான ‘கூரியர்’ என்ற சொல்லும் அதே வேரிலிருந்து முளைத்ததுதான். விளக்கம் சரியானால், ஓட்டத்தைக் குறித்த ஒரு வேரிலிருந்தே ஓட விடாமல் நிறுத்தும் வேலியின் பெயர் பிறந்திருக்கிறது.

ஸ்பானியர் இச்சொல்லை அமெரிக்கக் கண்டங்களுக்குக் கொண்டு போனார்கள். மாட்டுப் பண்ணைகளும் குதிரைகளும் நிறைந்த மேற்கு அமெரிக்காவில் அது உள்ளூர்ச் சொல்லாகவே மாறிப்போனது. பழைய கௌபோய் படங்களைப் பார்த்தவர்களுக்கு ‘ஓ.கே. கொறால்’ என்ற பெயர் நினைவிருக்கும். 1881இல் அரிசோனாவின் ரூம்ஸ்ரோன் என்ற ஊரில் நடந்த துப்பாக்கிச் சண்டையோடு ஒட்டிய பெயர் அது. கரீபியன் தீவுகளில் இதே சொல் சற்றுத் தேய்ந்து, பிடித்த கடலாமைகளை உயிரோடு அடைத்து வைக்கும் கடலோர அடைப்புக்குப் பெயரானது. இங்கேயும் விற்பனை வரைக்கும் உயிரோடு வைத்திருப்பதற்கான அடைப்புத்தான்.

எங்களுடைய கதைக்கு வேண்டியது மூன்றாவது பாதை, ஒல்லாந்தர் பாதை.

ஒரே கொம்பனி, இரண்டு கரைகள்

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனி 1652இல் ஆபிரிக்காவின் தென்முனையில், நன்னம்பிக்கை முனையில், குடியேற்றம் ஒன்றை அமைத்தது. ஆறு ஆண்டுகள் கழித்து, 1658இல், அதே கொம்பனி யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தது. கப்பல்கள், கணக்குப் புத்தகங்கள், அதிகாரிகள் எல்லாம் இரண்டு கரைகளுக்கும் பொதுவாக இருந்தன. சொற்களும் அப்படித்தான் பயணம் செய்தன.

நன்னம்பிக்கை முனையில் கொய்கொய் மக்கள் வட்டமாகக் குடிசைகள் அமைத்து, நடுவிலே தங்கள் மாடுகளை வைத்து வாழ்ந்தார்கள். ஒல்லாந்தர் அதைக் ‘கிரால்’ என்றார்கள். போர்த்துக்கேயரிடமிருந்து எடுத்துக்கொண்ட மாட்டுப்பட்டிச் சொல் அது. மாடு நிற்கும் இடத்துக்கு அது பொருந்தும். ஆனால் மாட்டைச் சுற்றி வாழ்ந்த மனிதர்களின் ஊருக்கும் அவர்கள் அதையே பெயராக்கினார்கள். 1731இல் நன்னம்பிக்கை முனை பற்றிய ஒரு நூல் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டபோது அந்தப் பொருளோடு சொல் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. பின்னர் சூலு மக்களின் ஊர்களையும் ஆங்கிலேயர் கிரால் என்றே எழுதினார்கள். சூலு மொழியில் குடும்பம் வாழும் மனைக்கு ‘உமுசி’, மாடு அடைக்கும் இடத்துக்கு ‘இசிபாயா’ என்று தெளிவாக இரண்டு சொற்கள் உண்டு. எழுதியவர்களுக்கு அந்த வேறுபாடு தேவைப்படவில்லை. வீட்டையும் தொழுவத்தையும் ஒரே பெயரால் அழைப்பது வெறும் மொழிச் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. அங்கே வாழ்ந்தவர்களை எழுதியவர் எந்த வரிசையில் வைத்துப் பார்த்தார் என்பதும் அதில் பதிவாகியிருக்கிறது.

இலங்கையில் சொல் இன்னொரு திசையில் திரும்பியது. இங்கே அது யானைக்குரியதாயிற்று. ஆங்கிலோ-இந்தியச் சொற்களைத் தொகுத்து 1886இல் வெளிவந்த ஹொப்சன்-ஜொப்சன் அகராதி, யானை பிடிக்கும் அடைப்பு என்ற பொருளை இலங்கை வழக்கு என்றே குறிக்கிறது. இந்தியாவில் அதே வேலைக்கு வேறு சொல். அது ‘கெடா’, விரட்டுதல் என்ற பொருளுடைய இந்தி வினையிலிருந்து வந்தது. அங்கே விரட்டலும் இங்கே வேலியும் பெயராகி நின்றுவிட்டன.

போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் எங்கள் பேச்சில் விட்டுப் போன சொற்கள் ஏராளம். கதிரை, யன்னல், அலுமாரி, சப்பாத்து, குசினி, விறாந்தை எல்லாம் போர்த்துக்கேயம். கந்தோர் ஒல்லாந்தம். வீட்டையும் அலுவலகத்தையும் இப்படி நிறைத்த மொழிகளிலிருந்து கிரால் மட்டும் எங்கள் பேச்சில் ஒட்டவில்லை. அடைப்புக்கு எங்களிடம் ஏற்கனவே பட்டி இருந்தது, காலை இருந்தது. வன்னியிலும் மட்டக்களப்பிலும் மாட்டுக்காலை என்பது இன்றும் உயிரோடு இருக்கும் சொல். சிங்களத்தில் யானை அடைக்கும் இடத்துக்கு ‘எத் கால’ என்பார்கள்.

திறையாக யானை

இலங்கை யானைக்கு வெளியே இருந்த மதிப்பு போர்த்துக்கேயருக்கு வெகு முந்தியது. கிரேக்க மொழியில் எழுதிய உரோமரான ஏலியன், விலங்குகளைப் பற்றிய தன் நூலில், தாப்ரபேன் தீவு மக்கள் யானைகளைக் கப்பலில் ஏற்றிக் கலிங்க மன்னனுக்கு விற்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார். ஏறக்குறைய 1800 ஆண்டுகளுக்கு முந்திய செய்தி இது.

யாழ்ப்பாண இராச்சியக் காலத்திலும், 1619இல் அது வீழ்ந்தபின் போர்த்துக்கேயர் காலத்திலும், அடுத்து வந்த ஒல்லாந்தர் காலத்திலும், வன்னியின் சிற்றரசர்களான வன்னியர்கள் யாழ்ப்பாணத்தை ஆண்டவருக்குக் கொடுத்த திறையில் முக்கியமானது யானை. எத்தனை யானை, என்ன உயரம், கொம்பு உண்டா இல்லையா என்பதெல்லாம் கணக்கு. உயரத்தை முழக்கணக்கில் அளந்து விலை வைத்தார்கள். யாழ்ப்பாணத்தின் ஒல்லாந்தத் தளபதியாக இருந்த ஹென்ட்றிக் ஸ்வார்டக்றூன் 1697இல் தனக்குப் பின் வருபவர்களுக்காக எழுதி வைத்த குறிப்பில் யானை வியாபாரத்துக்குப் பெரிய இடம் உண்டு. வன்னியர்கள் கொடுக்கவேண்டிய யானைகள் நிலுவையில் இருப்பதைப் பற்றிய முறைப்பாடும் அதில் இருக்கிறது.

நிலுவை என்ற அந்தச் சொல்லை நான் எளிதாகக் கடக்க மாட்டேன். காட்டு யானையை வரியாகக் கேட்பவர் கோட்டைக்குள் இருக்கிறார். அதைப் பிடிக்கப் போகிறவன் காட்டுக்குள் இருக்கிறான். மிதிபட்டுச் செத்தவர்களுக்கென்று அந்தக் குறிப்புகளில் தனிக் கணக்கு எதுவும் வைக்கப்படவில்லை.

பிடிபட்ட யானைகள் வடக்கு நோக்கி நடத்தப்பட்டன. பெருநிலத்துக்கும் குடாநாட்டுக்கும் இடையிலுள்ள களப்பை அவை கடந்த இடம் ஆனையிறவு. இந்தப் பெயரின் பின்பாதியை இன்று கேட்பவர்களுக்குச் சாவுதான் நினைவுக்கு வரும். 1991ஐயும் 2000ஐயும் கண்ட தலைமுறைக்கு வேறு எதுவும் வருவது கடினம். ஆனால் பழந்தமிழில் ‘இற’ என்பதற்கு முதன்மையான பொருள் கடத்தல், தாண்டிப் போதல். பள்ளிக்கூட இலக்கணத்தில் நாங்கள் படித்த ‘இறந்த காலம்’ செத்துப்போன காலம் அல்ல, கடந்துபோன காலம். யானைகள் கடக்கும் இடம் ஆனையிறவு.

கடந்த யானைகள் போய்ச் சேர்ந்த இடம் ஊர்காவற்றுறை. போர்த்துக்கேயர் அந்தத் துறையை யானைகளின் துறை என்றே அழைத்தார்கள். அவர்கள் மொழியில் கப்பல் அணையும் துறைமேடைக்கு ‘கைஸ்’ என்று பெயர். யானை என்ற பின்பாதி உதிர்ந்து, முன்பாதி மட்டும் ஆங்கிலத்தில் ‘கைற்ஸ்’ ஆக நின்றது. இன்று தபாலிலும் வரைபடத்திலும் நாம் காணும் பெயர் அதுதான். கோல்கொண்டாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் வியாபாரிகள் வந்து யானைகளை வாங்கிப் போனார்கள். போரில் பீரங்கிக்கு இருந்த மதிப்பு கூடக்கூட யானையின் சந்தை சரிந்தது.

நிலம் இன்னும் சில பெயர்களை வைத்திருக்கிறது. யாழ் நகரில் ஆனைப்பந்தி. பந்தி என்பது யானை, குதிரைகளை வரிசையாகக் கட்டும் இலாயம். கிளிநொச்சிப் பக்கத்தில் ஆனைவிழுந்தான். குழி வெட்டி யானை பிடித்த முறையை அறிந்தவர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டதும் ஒரு காட்சி தெரியும்.

குழியும் சுருக்கும்

தமிழில் அந்தக் குழிக்கே தனிப் பெயர்கள் உண்டு. பழந்தமிழில் ‘பயம்பு’, பிற்காலத்தில் ‘கொப்பம்’. யானை வரும் பாதையில் ஆழக் குழி வெட்டி, மேலே கழியும் தழையும் பரப்பி மூடிவிடுவார்கள். விழுந்த யானையைப் பசியால் தளரவைத்து, பழகிய யானைகளின் உதவியோடு வெளியே எடுப்பார்கள். மலிவான முறை. ஆனால் விழும்போது காலொடிந்து பயனற்றுப் போகும் யானைகள் பல.

இன்னொரு முறை சுருக்கு. வடக்கு, கிழக்கின் முஸ்லிம் ஊர்களில் வாழ்ந்த பணிக்கர்கள் அதில் பெயர் பெற்றவர்கள். ஏறாவூர்ப் பணிக்கர்களின் புகழ் தீவு கடந்தது. ஒன்றிரண்டு பேர் தோலால் முறுக்கிய கயிற்றோடு காட்டுக்குள் போவார்கள். காற்று வீசும் திசைக்கு எதிராகப் பதுங்கிப் பின்னால் நெருங்கி, யானை பின்னங்காலைத் தூக்கும் நொடியில் சுருக்கை மாட்டி, மறுமுனையை மரத்தில் சுற்றிவிடுவார்கள். துப்பாக்கி இல்லை, கூட்டம் இல்லை. பிரித்தானிய ஆட்சியில் குடியேற்றச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற், இலங்கை பற்றி 1859இல் வெளியிட்ட நூலில், இவர்களின் துணிவையும் தடம் பார்க்கும் திறனையும் வியந்து எழுதியிருக்கிறார். பணிக்கன் என்பதில் இருக்கும் ‘பணி’ வேலையைக் குறிக்கும், அடங்குவதையும் குறிக்கும். யானைக்காரனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

பணிக்கர்கள் ஒன்றொன்றாகப் பிடித்தார்கள். கிரால் ஒரு கூட்டத்தையே அள்ளியது. தெற்கே மாத்தறைப் பக்கத்தில் ஒல்லாந்தக் கொம்பனி அதை நேரடியாக நடத்தியது.

1847, குருநாகல்

கிரால் நடந்த விதத்தை நுணுக்கமாக எழுதி வைத்தவரும் ரெனன்ற்தான். 1847இல் குருநாகலிலிருந்து சுமார் 15 மைல் தொலைவில், கிம்புல் ஓயாக் கரையில் நடந்த கிராலை அவர் நேரில் பார்த்தார்.

இடத்தைத் தெரிவது முதல் வேலை. யானைகள் தண்ணீருக்குப் போகும் பாதையில், அடர்ந்த காட்டுக்குள்ளேயே அடைப்பு அமையவேண்டும். வெளியே நிழலும் மரமும் அப்படியே இருந்தால்தான் யானை சந்தேகப்படாது. குற்றிகளை மூன்றடி ஆழத்தில் நட்டு, நிலத்துக்கு மேல் 12 முதல் 15 அடி உயரம் நிற்கும்படி விட்டு, குறுக்கு மரங்களைக் காட்டுக்கொடிகளால் பிணைத்தார்கள். ஆணி கிடையாது. குற்றிகளுக்கு இடையில் ஒரு மனிதன் நுழைந்து தப்பக்கூடிய இடைவெளி இருக்கும். அடைப்பின் நீளம் சுமார் 500 அடி, அகலம் அதில் பாதி. வாசலிலிருந்து இரண்டு கைகள் விரிந்ததுபோல இரு வேலிகள் காட்டுக்குள் நீண்டு போயின. அவற்றையும் தழையால் மறைத்திருந்தார்கள்.

இப்படிப்பட்ட கிராலில் விரட்டுபவர்கள் 2,000 முதல் 3,000 பேர். பல மைல் சுற்றளவில் வளையம் அமைத்து, யானைகளைக் கலைக்காமல், ஆனால் நிம்மதியாக இருக்கவும் விடாமல், நாளுக்கு நாள் வளையத்தைச் சுருக்கினார்கள். திடீர்ச் சத்தம் கூடாது. இரவில் சில அடிகளுக்கு ஒன்றாகத் தீ எரியவேண்டும். இதெல்லாம் முடிய இரண்டு மாதம்வரை ஆகலாம். கடைசி இரவில்தான் பறையும் வெடியும் கூச்சலும் தீப்பந்தமும்.

யார் இந்த மூவாயிரம் பேர்? கண்டி மன்னர் காலத்திலும், போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்திலும், பிரித்தானியர் ஆட்சியின் முதல் பத்தாண்டுகளிலும், அவர்கள் இராசகாரியம் என்ற கட்டாய ஊழியத்தில் வந்தவர்கள். மரம் வெட்டுவது, குற்றி நடுவது, வாரக்கணக்கில் காட்டில் தீ காப்பது எல்லாம் கூலியின்றி. 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்ட பிறகு, ரெனன்ற் சொல்வதன்படி, மக்கள் தாமாக வந்தார்கள். தங்கள் வயல்களை யானை அழிப்பதைத் தடுக்க அது உதவியதும் ஒரு காரணம். யானையை வளைப்பதற்கு முன்னர் ஆட்களை வளைக்கவேண்டியிருந்த நூற்றாண்டுகள் பல. கிரால் என்ற சொல்லுக்குள் இந்தப் பகுதி இல்லை. அது வேலியை மட்டும்தான் சொல்கிறது.

உள்ளே வந்த யானைகள் வேலியை உடைக்க ஓடின. ஒவ்வொரு பக்கத்திலும் வெறும் வெள்ளைக் கம்பு பிடித்த ஆட்கள், சிறுவர்கள்கூட, கத்திக்கொண்டு கம்பை நீட்டியதும் அவை திரும்பின. இது எனக்கு முதலில் நம்ப முடியாததாக இருந்தது. பல வாரங்களாகத் தீயும் மனித வாடையும் சூழ்ந்து அவற்றின் நெஞ்சை முன்னரே ஒடித்துவிட்டன என்று எடுத்துக்கொண்டால் புரிகிறது. பிறகு பழகிய யானைகள் உள்ளே விடப்பட்டன. சிறிபெத்தி என்ற ஐம்பது வயதுப் பெண் யானை அவற்றில் கெட்டிக்காரி. அது காட்டு யானையின் அருகில் போய், நட்போடு உரசி நின்று, அதன் கவனத்தைத் திருப்பும். அந்த மறைவில் ‘குருவே’ எனப்பட்ட யானைக்காரர் பின்னங்காலில் சுருக்கை மாட்டுவார். சிறிபெத்தியும் ஒருகாலத்தில் காட்டிலிருந்து கொண்டுவரப்பட்டதுதான்.

கண்ணீர் பற்றி ஒரு விசாரணை

கட்டப்பட்ட யானைகள் முதலில் மூர்க்கமாக இழுத்தன, பிறகு அடங்கின. சில யானைகள் அசையாமல் தரையில் கிடந்தன என்றும், கண்களிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது என்றும் ரெனன்ற் எழுதினார். இந்தக் குறிப்பு சார்ள்ஸ் டார்வின் கண்ணில் பட்டது. மனிதரும் விலங்குகளும் உணர்ச்சிகளை வெளிப்படுத்தும் விதம் பற்றி 1872இல் அவர் வெளியிட்ட நூலில், யானை அழுமா என்ற கேள்விக்கு இலங்கைக் கிராலைத்தான் சான்றாக எடுத்தார். இலங்கையில் இருந்த ஒருவரைக் கொண்டு புதிதாகப் பிடிபட்ட யானைகளைப் பார்க்கவும் செய்தார். அழவில்லை என்று பதில் வந்தது. உள்ளூர் வேட்டைக்காரரும் தாங்கள் கண்டதில்லை என்றார்கள். ஆனாலும் ரெனன்றின் தெளிவான கூற்றைச் சந்தேகிக்க முடியாது என்றே டார்வின் முடித்தார். இலண்டன் விலங்குக் காட்சிச்சாலைப் பராமரிப்பாளர் சொன்னதும் அதற்குத் துணையாக இருந்தது.

பழக்கும் முறை இதுதான். சில நாள் பட்டினிக்குப் பின் உணவு. பிறகு இரண்டு பழகிய யானைகளுக்கு நடுவில் நிறுத்தி ஆற்றில் குளிப்பாட்டல். முன்னும் பின்னும் ஆட்கள் நின்று, கூர் பொருத்திய கம்போடு பாட்டும் பேச்சும். இரண்டு மாதத்தில் பாகன் மேலே ஏறலாம். மூன்று நான்கு மாதத்தில் வேலை வாங்கலாம். எல்லா யானையும் அதுவரை நிற்பதில்லை. நோய் எதுவும் தெரியாமல் படுத்து, எழும்பாமல் செத்துப்போகும் யானைகள் உண்டு. நெஞ்சு உடைந்து செத்தது என்று யானைக்காரர் சொல்வதை ரெனன்றும் பதிந்திருக்கிறார்.

ஆங்கிலத்தில் குதிரையைப் பழக்குவதற்கு ‘உடைத்தல்’ என்ற வினையையே சொல்வார்கள். தமிழில் பழக்குதல் என்கிறோம், மென்மையான சொல். செய்த வேலை இரண்டு மொழியிலும் ஒன்றுதான்.

பிடித்து விற்பதில் இலாபம் குறைந்தபோது பிரித்தானியர் சுடுவதற்குப் பணம் கொடுத்தார்கள். வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும், 1848க்கு முந்திய மூன்று ஆண்டுக்கும் குறைவான காலத்தில், சன்மானத்துக்காகக் கொல்லப்பட்ட யானைகள் 3,500. தலைக்குச் சில சிலிங். தென் மாகாணத்தில் 1851 முதல் 1856 வரை 2,000. இதுவும் ரெனன்ற் தரும் கணக்குத்தான். யானைத் திறையின் நாடு என்ற பெயர் வன்னிக்கு ஏன் நிலைக்கவில்லை என்பதற்கு இந்தக் கணக்கு ஒரு பெரிய விடை.

கடைசி வேலி

கிரால் பின்னாளில் விருந்தினருக்கான வேடிக்கையானது. இளவரசர்கள் வந்தால் கிரால், ஆளுநர் விரும்பினால் கிரால். காட்டுக்குள் தற்காலிகக் குடில்களும் பார்வையாளர் மேடைகளும் எழுந்தன.

கடைசிக் கிரால் 1950இல், எம்பிலிப்பிட்டிய அருகே பனாமுரையில் நடந்தது. அதை நடத்தியவர் பிரான்சிஸ் மொலமுரே, சுதந்திர இலங்கைப் பாராளுமன்றத்தின் முதலாவது சபாநாயகர். அடைக்கப்பட்ட கூட்டத்தின் பெரிய ஆண் யானை கட்டுக்கு அடங்க மறுத்து, தன் கூட்டத்தை நெருங்க விடாமல் நின்றது. அதைச் சுட்டுக் கொன்றார்கள். நாடு முழுவதும் எழுந்த கோபத்தின் பின்னர் கிரால் நடக்கவே இல்லை. பனாமுரை யானை அரசனைப் பற்றிய சிங்களப் பாட்டு இன்றும் பாடப்படுகிறது. தெற்கில் பிள்ளைகளுக்கும் தெரிந்த பாட்டு அது.

மனிதர் மேல் விழுந்த சொல்

யானை போய்விட்டது, சொல் போகவில்லை. ‘கொறால்’ ஆங்கிலத்தில் வினையாகவும் இருக்கிறது. ஆட்களைச் சுற்றி வளைத்து ஓரிடத்தில் அடைப்பதை அந்த வினையால்தான் செய்தியாளர் எழுதுகிறார்கள். ஆர்ப்பாட்டக்காரர், அகதிகள், எல்லையில் பிடிபட்டவர்கள் என யாரானாலும் அதே வினை.

தென்னாபிரிக்காவில் 1900 முதல் 1902 வரை பிரித்தானியர் போயர்களின் பண்ணைகளை எரித்து, பெண்களையும் பிள்ளைகளையும் முகாம்களில் அடைத்தார்கள். இறந்த போயர்கள் மட்டும் ஏறக்குறைய 28,000 பேர், பெரும்பாலும் சிறுவர்கள். கறுப்பின மக்களுக்குத் தனி முகாம்கள். அவற்றிலும் ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். அதே போரில் பிடிபட்ட போயர் வீரர் சுமார் 5,000 பேர் கப்பலில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு, தியத்தலாவையில் முட்கம்பிக்குள் வைக்கப்பட்டார்கள். கிரால் என்ற சொல்லைத் தங்கள் மொழியிலேயே கொண்டிருந்தவர்கள், அந்தச் சொல் யானை பிடித்த தீவில் கைதிகளாக இருந்தார்கள்.

ஊடகக் கற்கை படித்த காலத்திலிருந்து எனக்கொரு பழக்கம், செய்தியில் பெயர்ச்சொற்களை விட வினைச்சொற்களை முதலில் பார்ப்பது. 2009இல் வன்னி பற்றி வெளிவந்த ஆங்கிலச் செய்திகளை அப்படிப் படித்தால் இந்த வினை மீண்டும் மீண்டும் எதிர்ப்படும். கடலுக்கும் களப்புக்கும் இடையில் ஒடுங்கிப்போன மக்களுக்கும் அதே வினை, பிறகு செட்டிகுளத்து முட்கம்பிக்குள் வைக்கப்பட்டவர்களுக்கும் அதே வினை. அரசின் கடிதங்களில் அந்த இடங்களுக்கு நலன்புரி நிலையம் என்று பெயர். வலயங்களுக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி என்று பெயர். வவுனியா மாவட்டத்து முகாம்களில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். மெனிக் பாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில்.

அந்த ஆங்கிலச் செய்திகளை எழுதிய பலர் எங்கள் பக்கம் இரக்கத்தோடு எழுதியவர்கள். நடந்ததன் கொடுமையைக் காட்டவே அந்த வினையைத் தேர்ந்தார்கள் என்பதை மறுக்க மாட்டேன். சில வேளை அதைவிடப் பொருத்தமான வினையும் இருந்திருக்காது. ஆனால் மந்தைக்கான வினையை எழுதும்போது எழுவாய் எளிதில் காணாமல் போய்விடுகிறது. மக்கள் அடைக்கப்பட்டார்கள் என்று வாக்கியம் முடிந்துவிடும். யார் அடைத்தார், எந்தச் சட்டத்தின் கீழ், எத்தனை நாள், வெளியே போகக் கேட்டவருக்கு என்ன பதில் கிடைத்தது என்பவற்றை அந்த வினை கேட்பதில்லை. ரெனன்றின் கிராலில் வேலி தெரிந்தது, இராசகாரியக்காரன் மங்கலாகத்தான் தெரிந்தான். இங்கே வேலி தெரிந்தது, வாசலில் நின்றவர் தெரியவில்லை.

மீள்குடியேறிய வன்னி ஊர்களில் இப்போது மின்சார வேலி வந்திருக்கிறது. ஆட்களின்றிக் கிடந்த காணிகளில் காடு வளர்ந்திருந்தது, யானைகள் அங்கே நடமாடப் பழகியிருந்தன. திரும்பிவந்தவர்கள் நெல்லும் தென்னையும் வைத்ததும் யானை வந்தது. இரவில் யானை வெடி, பரணில் காவல், இடிந்த சுவர், இழப்பீட்டுப் படிவம். தொல்லை தரும் யானைகளைப் பிடித்து அடைப்பதற்கு வடமத்திய மாகாணத்தின் ஹொரவப்பொத்தானையில் வேலியிட்ட பெருநிலம் ஒன்றை வனசீவராசிகள் திணைக்களம் அமைத்தது. உணவில்லாமல் யானைகள் அங்கே மெலிந்து இறந்ததாகச் செய்திகள் வந்தன. அதற்கு ஆங்கிலத்தில் வைத்த பெயர் ‘தடுத்துவைக்கும் நிலம்’. கிரால் என்று எவரும் அழைக்கவில்லை.